அண்ணைக்கு வைத்த ஐந்து நிபந்தனைகள்

வெண்ணெய்க் கட்டிதான் கியூபெக். உப்புப் பைக்கற் ஒன்ராறியோ. மிளகுத்தூள், சீனி, பால்மாப் பைக்கற்றுகள் எல்லாம் மற்ற மாகாணங்கள். விமானத்தில் சாப்பாடு வைத்துத் தருகிற அந்தச் சின்னத் தட்டுத்தான் கனடா.

மொன்றியலில், டோர்வல் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், விமானங்களுக்குச் சாப்பாடு ஏற்றுகிற சமையற்கூடத்தில் நான் வேலை செய்வது உங்களுக்குத் தெரியும், பிள்ளைகளே. இந்தப் பத்திரிகையை வாசிக்கிற மற்றவர்களுக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். அன்று மத்தியான இடைவேளையில் என் முன்னால் இருந்து அந்தத் தட்டை அடுக்கிக்கொண்டிருந்தவர் ரெஜான். என்னோடு ஒரே வரிசையில் நின்று தள்ளுவண்டி நிரப்புகிறவர். கியூபெக்கின் வடக்கே ஏதோ ஒரு ஏரிக்கரையில் பிறந்த பிரெஞ்சுக்காரர். கையும் பெரிது, கோபமும் பெரிது. கோபம் வந்தால் அவர்கள் ஊர் வழக்கப்படி தேவாலயத்துச் சாமான்களின் பெயரைச் சொல்லித் திட்டுவார். பூசைக் கிண்ணம், நற்கருணைப் பெட்டி என்று வரிசையாக வரும். முதல் வருசம் முழுக்க நான் அவரைப் பெரிய பக்திமான் என்று நினைத்து மரியாதையாக நடந்துகொண்டேன்.

அன்று அவர் பிளாஸ்ரிக் கத்தியை எடுத்துத் தட்டின் குறுக்கே வைத்தார்.

"இது ஆறு. இந்தப் பக்கம் ஒட்டாவா. அந்தப் பக்கம் எங்கட மாகாணம். நாட்டுக்கு அரசியல் யாப்பு எழுதுறதுக்கு எல்லா மாகாணத் தலைவர்மாரும் வந்தவை. பொழுதுபட எங்கட ஆக்கள் ஆத்தைக் கடந்து எங்கட பக்கத்து ஹோட்டலுக்குப் படுக்கப் போயிட்டினம்."

வெண்ணெயைத் தூக்கிக் கத்திக்கு அப்பால் வைத்தார்.

"மற்றவை படுக்கேல்லை." உப்பு, மிளகு, சீனி எல்லாவற்றையும் ஒன்றாகக் குவித்தார். "விடிய எங்கட ஆக்கள் காலமைச் சாப்பாட்டுக்கு வந்து பார்க்க, எல்லாம் முடிஞ்சுது. அந்த யாப்புக்கு நாங்கள் இண்டைக்கும் கையெழுத்து வைக்கேல்லை."

ரெஜான் கதைத்தது பிரெஞ்சு. என் காதில் அது யாழ்ப்பாணத்துக் கதையாகத்தான் விழுந்தது. விழுந்தபடியே எழுதுகிறேன்.

கதையைக் கேட்ட நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருக்கவில்லை. அறிவுரை சொன்னேன்.

"அது பழங்கதை ரெஜான். நீ அப்ப பள்ளிக்கூடப் பொடியனாய் இருந்திருப்பாய். மறந்திட்டு ஒரு கையெழுத்தை வைச்சால் என்ன குறைஞ்சு போகும்?"

 ரெஜான் கியூபெக்கை எடுத்துப் பாண் துண்டில் பூசிச் சாப்பிட்டார். மிச்சக் கனடாவைக் குப்பையில் கொட்டினார். அன்று முழுக்க என்னோடு கதைக்கவேயில்லை.

அறிவுரை சொன்னவரின் லட்சணம்

மறந்துவிடு என்று சொன்ன அந்தப் பெரிய மனிதர், அதாவது உங்கள் அப்பா, அந்த நேரத்தில் தன் சொந்த அண்ணையோடு பல வருசமாகக் கதைபேச்சில்லாமல் இருந்தார்.

என்ன நடந்தது என்று நீங்கள் பலமுறை கேட்டிருக்கிறீர்கள். "அது பெரியாக்களின்ர விசயம்" என்று சொல்லித் தப்பியிருக்கிறேன். இப்போது பத்திரிகையில் எழுதுகிறேன். மகள் அபிநயா எழுத்துக்கூட்டித்தான் தமிழ் வாசிப்பாள், மகன் கவின் அதுவும் இல்லை. அந்தத் துணிவில்தான் எழுதுகிறேன்.

ஒன்ராறியோவில், ரொறன்ரோப் பக்கம் ஸ்காபரோவில் இருக்கிற தங்கச்சியின் மகளுக்குப் பேச்சுக்கால் வைத்தார்கள். இரண்டு வீட்டுப் பெரியவர்களும் நேரில் இருந்து கலியாணத்தைப் பேசி ஒப்பேற்றுகிற நாளைத்தான் எங்கள் ஊரில் அப்படிச் சொல்வோம். தாய்மாமன்மார் சபையில் இருக்க வேண்டும். அண்ணை பெரிய மாமன், அவரும் ஸ்காபரோவில்தான். நான் சின்ன மாமன், மொன்றியலில். அதற்கென்றே ஒரு சூட் வாங்கினேன். சாம்பல் நிறம். சபையில் என்ன பேசுவது என்று காருக்குள் பேசிப் பழகிக்கொண்டே போனேன். "எங்களுக்குச் சம்மதம்" என்பதை மூன்று விதமான குரலில் சொல்லிப் பார்த்தேன்.

பாதி வழியில், கிங்ஸ்ரனுக்குக் கிட்ட பனி கொட்டத் தொடங்கியது. நெடுஞ்சாலை நத்தையாக ஊர்ந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது தங்கச்சி வீட்டு வாசலில் செருப்புகள் குறைந்திருந்தன. மாப்பிள்ளை பகுதி போய்விட்டது. நாள் குறித்தாயிற்று, மண்டபம் பிடித்தாயிற்று. தட்டில் யாரோ ஒரு பக்கம் கடித்துவிட்டு வைத்த பயத்தம் பணியாரம் ஒன்று கிடந்தது.

அண்ணை சோபாவில் இருந்தபடி சொன்னார்: "வந்திட்டியோ. எல்லாம் நல்லபடி முடிஞ்சுது. நீயும் ஓம் எண்டு சொல்லு."

நான் ஓம் என்று சொல்லவில்லை. ஒரு வாய் தண்ணி குடிக்காமல், போட்ட சூட்டோடு அப்படியே திரும்பி மொன்றியலுக்கு வந்தேன். வழியில் பசி தாங்காமல் கிங்ஸ்ரனில் ஒரு டோனற் வாங்கித் தின்றது இதுவரை ஒருவருக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன்.

எங்கள் சனத்தின் கோபத்துக்கு ஒரு ஒழுங்கு உண்டு. கத்த மாட்டோம், அடிக்க மாட்டோம். கோபித்த வீட்டில் கை நனைக்க மாட்டோம், அவ்வளவுதான். அதாவது சாப்பாடு இல்லை, ஒரு தேத்தண்ணி கூட இல்லை. நேரே கதைக்க மாட்டோம். கதைத்தே ஆக வேண்டும் என்றால், பக்கத்தில் நிற்கிற மூன்றாம் ஆளிடம் சொல்லி அவர் மூலம் கதைப்போம், அந்த மனிதர் எதிரிலேயே நின்றாலும். கலியாணத்துக்குப் போகாமல் விட மாட்டோம். போய்க் கடைசி வரிசையில் இருந்துவிட்டு, சாப்பாட்டுக்குப் பந்தி போடுகிற நேரம் பார்த்து எழும்பி வருவோம், நாலு பேர் கண்ணில் படும்படி.

தங்கச்சி மகளின் கலியாணத்தில் நான் அப்படித்தான் எழும்பி வந்தேன். அந்தப் பயணத்திலும் கிங்ஸ்ரனில் ஒரு டோனற் உண்டு.

நான் வாசிக்காத புத்தகம்

இந்த இடத்தில் கொஞ்சம் விலகிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

யாப்பு என்ற சொல்லை நான் முதலில் கேட்டது கனடாவில் இல்லை. யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊர்ச் சந்தியில் சைக்கிள் கடை முன்னால் பெரியவர்கள் பேப்பரை விரித்துவைத்துக்கொண்டு கதைப்பார்கள். நாட்டுக்கு யாப்பு எழுதினபோது எங்களைக் கேட்கவில்லை, கேட்டதையும் கணக்கில் எடுக்கவில்லை, எங்கள் மொழியை வாசலில் நிற்கவைத்துவிட்டார்கள் என்று. நான் அப்போது பந்து விளையாடப் போகிற அவசரத்தில் அவர்களைக் கடந்து ஓடுகிற ஆள். பள்ளிக்கூடத்தில் ஓ.எல். சோதினை வரைக்கும்தான் படித்தேன், அதையும் ஒழுங்காக முடிக்கவில்லை. அந்த யாப்பை இன்றுவரை ஒரு பக்கம் வாசித்ததில்லை.

நான் வாசிக்காத அந்தப் புத்தகம்தான் என்னைத் தூக்கிக்கொண்டு வந்து டோர்வலில் போட்டது. ஒரு நாட்டின் யாப்பை எழுதுகிறபோது யாரைக் கேட்காமல் விட்டார்கள் என்பது சின்ன விசயம் போலத் தெரியும். விடுபட்டவர்களின் பிள்ளைகள் எந்த நாட்டில் போய்த் தட்டு அடுக்குவார்கள் என்பது வரைக்கும் அது வந்து நிற்கும்.

இவ்வளவு தெரிந்த நான்தான் ரெஜானைப் பார்த்து, மறந்திட்டு ஒரு கையெழுத்தை வை என்றேன்.

எனக்குக் கிடைத்த ஆலோசகர்

அடுத்த நாள் சமாதானம் செய்வதற்காக என் பேச்சுக்கால் கதையை ரெஜானுக்குச் சொன்னேன். கடித்த பணியாரத்தில் வந்ததும் அவர் மேசையில் ஓங்கி அடித்தார். பூசைக் கிண்ணத்தில் தொடங்கிப் பலிபீடம் வரைக்கும் ஒரு சுற்றுத் திட்டி முடித்தார்.

"நீ கையெழுத்து வைச்சிடாதை!" என்றார்.

பிள்ளைகளே, உங்கள் அம்மாவே என் பக்கம் நிற்கவில்லை. கனடாவில் நான் சொன்னது சரி என்று சொன்ன முதல் மனிதர் ரெஜான்தான். அன்றையிலிருந்து அவர் எனக்கு அரசியல் ஆலோசகர்.

போன மாரியில், பனி கொட்டுகிற காலத்தில், அபிநயாவின் கலியாணம் சரிவந்தது. மாப்பிள்ளை பக்கத்து லவாலில் வளர்ந்த எங்கள் தமிழ்ப் பிள்ளைதான். பேச்சுக்கால் வைத்துப் பேச எங்களுக்கு ஒன்றையும் மிச்சம் வைக்காமல் இரண்டு பேரும் தாங்களே பேசி முடித்திருந்தார்கள்.

உங்கள் அம்மா சொன்னார்: "முதல் கலியாணக் காட் பெரியத்தானுக்குத்தான் குடுக்கவேணும்." அண்ணையைத்தான் அவர் அப்படிச் சொல்வார்.

"அவர் முதல் வரட்டும்" என்றேன்.

"அந்தாள் மூத்தவர். அவர் எப்பிடி முதல் வாறது?"

"ஒன்ராறியோவும் பெரிய மாகாணம்தான்" என்றேன். அம்மா என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்.

அடுத்த கிழமை வேலையில், ரெஜானும் நானும் கடதாசிக் கைத்துடைப்பு ஒன்றில் நிபந்தனைகளை எழுதினோம். ஏன் ஐந்து என்றால், கியூபெக்கும் பின்னொரு காலத்தில், கையெழுத்து வைப்பதற்கு ஐந்து நிபந்தனைகள் வைத்ததாம். ஐந்துக்குக் குறைந்தால் மதிக்க மாட்டார்கள் என்றார் ரெஜான்.

அண்ணை தானே தொலைபேசி எடுக்க வேண்டும், அண்ணி எடுத்துக் கையில் கொடுக்கக் கூடாது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என்னைத் திரும்பச் சேர்க்க வேண்டும், முந்தி இருந்த அதிகாரத்தோடு. அன்று நடந்தது பிழை என்று என் வீட்டுக்கு வந்து வாயால் சொல்ல வேண்டும். இதெல்லாம் நானே யோசித்தவை. நாலாவதும் ஐந்தாவதும் ரெஜானின் மூளை. நான் சம்மதிக்காமல் இனிக் குடும்பத்தில் எந்த நல்ல காரியமும் முற்றாகாது. கடைசியாக, எங்கள் மொன்றியல் குடும்பம் ரொறன்ரோக் குடும்பத்தின் கிளை அல்ல, அது ஒரு தனித்துவமான குடும்பம் என்பதை அவர்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

"தனித்துவம் எண்டதை மட்டும் விட்டுக்குடுத்திடாதை" என்று ரெஜான் மூன்று தரம் சொன்னார்.

பேச்சுவார்த்தையை நடத்தினது அம்மாவும் அண்ணியும். அவர்களுக்குள் ஒருநாளும் கோபம் இருந்ததில்லை. இரண்டு அரசாங்கங்களுக்கும் தெரியாமல் ஒவ்வொரு சனிக்கிழமையும் மணிக்கணக்காகக் கதைத்துக்கொண்டுதான் இருந்தார்களாம். எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

பதில் வந்தது. அம்மா தேங்காய் துருவிக்கொண்டே வாசித்தார்.

"போன் எடுக்கிறாராம். வாட்ஸ்அப்பும் சரியாம். நீங்கள் சம்மதிக்காமல் ஒண்டும் செய்யக்கூடாதெண்டால், அதே உரிமை தனக்கும் வேணுமாம். தனித்துவத்துக்கு, 'அவன் பிறந்த நாளில இருந்தே அப்பிடித்தானே' எண்டு சொல்லிச் சிரிச்சவராம்."

"பிழை எண்டு சொல்லுறது?"

"அது மட்டும் ஏலாதாம்."

"அப்ப காட் இல்லை" என்றேன். சபையில் சொல்லப் பழகின மூன்று குரல்களில் ஒன்று அன்றைக்கு உதவியது.

ஒருவரும் கேட்காத ஆள்

அபிநயா வேலையால் வந்து, குளிர்சாதனப் பெட்டியில் காந்தம் வைத்து ஒட்டியிருந்த அந்தக் கைத்துடைப்பைக் கண்டாள். ஐந்தையும் எழுத்துக்கூட்டி வாசித்தாள். பிறகு கேட்டாள்:

"அப்பா, கியூபெக்கின்ர ஐஞ்சு நிபந்தனைக்கும் பிறகு என்ன நடந்தது எண்டு ரெஜான் சொன்னவரோ?"

சொல்லவில்லை என்றேன்.

"நாங்கள் பள்ளிக்கூடத்தில சோதினைக்குப் படிச்சனாங்கள். தலைவர்மார் எல்லாரும் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்து, ஓம் எண்டு ஒத்துக்கொண்டவை. பிறகு ஒவ்வொரு மாகாணச் சபையும் ஓம் எண்டு சொல்லவேணும். நாள் முடியப்போற நேரம் ஒரு சபையில ஒரு ஆதிக்குடி மனிசர் கையில கழுகு இறகோட இருந்து, இல்லை எண்டிட்டார். எங்களை ஆர் கேட்டனீங்கள் எண்டு. அதோட எல்லாம் போச்சு."

"ஒரு ஆளாலயோ? அப்ப பிழை அவரிலதானே?"

"இல்லையப்பா. எல்லாரும் மேசையைச் சுத்தி இருந்து ஆருக்கு என்ன குடுக்கிறது எண்டு கதைச்சவை. அந்த மேசை ஆரின்ர நிலத்தில கிடக்குது எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை." கைத்துடைப்பைக் காந்தத்திலிருந்து எடுத்து என் முன்னால் வைத்தாள். "இது ஆரின்ர கலியாணம்?"

நான் அம்மா துருவி வைத்த தேங்காயைப் பார்த்தேன்.

"எனக்குச் சைக்கிள் ஓடப் பழக்கினது பெரியப்பா. விடுமுறைக்குப் போன நேரமெல்லாம் பின்னால பிடிச்சுக்கொண்டு ஓடினது அவர்தான், நீங்கள் ஓவர்ரைம் செய்துகொண்டு இருந்தனீங்கள். அவர் வரவேணும். வந்து சாப்பிடவேணும். இல்லாட்டி மண்டபமும் வேண்டாம், மேளமும் வேண்டாம். நாங்கள் ரெண்டு பேரும் சிற்றி ஹோலில போய்க் கலியாணத்தை எழுதிக்கொண்டு வாறம்."

கவின் தன் அறையிலிருந்து கத்தினான்: "அக்கா சொன்னால் செய்வா, அப்பா!"

செய்வாள். அது எனக்குத் தெரியும். பிடிவாதத்தில் அவள் என் பகுதி. ஒரே மகளின் தாலிகட்டைப் பார்க்காமல் நான் டோர்வலில் தட்டு அடுக்கிக்கொண்டு நிற்கிறதை மனதில் நினைத்துப் பார்த்தேன். பக்கத்தில் ரெஜான் நின்று, நீ விட்டுக்கொடுக்காதது சரி என்று என் தோளில் தட்டுகிறார். அந்தக் காட்சி எனக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் ரெஜானிடம் கழுகு இறகைப் பற்றிக் கேட்டேன். அவர் கையுறையைக் கழற்றி, திரும்பப் போட்டார்.

"பிள்ளை சொல்லுறது சரிதான்" என்றார். "எங்களுக்கும் அது தெரியும். ஆனால் எங்கட கதையை நாங்கள் சொல்லேக்கை அந்த இடத்தைக் கொஞ்சம் வேகமாய்ச் சொல்லிக்கொண்டு போறது வழக்கம்."

நாலு நிபந்தனைகளை அழித்தேன். அவர் நேரே வரட்டும், அது போதும் என்று ஒன்றை மட்டும் வைத்திருந்தேன். அதை நான் அறிவிக்க முதலே அபிநயா பெரியப்பாவுக்குப் போன் எடுத்து, எங்கள் வீட்டுக்கு "வாங்கோ" என்று சொல்லியிருந்தாள். அவரும், "வாறன்" என்றாராம். அவ்வளவுதான். ஒரு மாரி முழுக்க நடந்த பேச்சுவார்த்தையை அவள் இரண்டு சொல்லில் முடித்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை

அண்ணை வருகிற நாள் எனக்குப் பலமாக இருக்கட்டும் என்று ரெஜானையும் செயின்ட்-மிஷேலில் உள்ள எங்கள் வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தேன். அவர் ஒரு தகரம் மேப்பிள் மரத்து இனிப்புப் பாணியோடு வந்து, சபையில் இருக்கிறது போல நிமிர்ந்து இருந்தார். நான் அந்தச் சாம்பல் சூட்டைப் போட்டிருந்தேன். நடுப் பொத்தான் இப்போது பூட்டுப்படுவதில்லை.

அண்ணையும் அண்ணியும் வந்தார்கள். அண்ணைக்கு முடி முழுக்க நரைத்திருந்தது. அதன் மேல் கனடா இலை போட்ட சிவப்புக் கம்பளித் தொப்பி. ரெஜானின் கண் நேரே தொப்பிக்குப் போனது. அண்ணை தொப்பியைக் கழற்றவில்லை. ஜக்கெற்றையும் கழற்றாமல் சோபாவின் விளிம்பில் இருந்தார். அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். எல்லோரும் அந்தக் கோப்பையைப் பார்த்தோம். அவர் தொடவில்லை.

"கொப்பரிட்டைக் கேள், சுகமாய் இருக்கிறாரோ எண்டு" என்றார் அபிநயாவிடம். அந்தக் கொப்பர், அதாவது அவளுடைய அப்பாவான நான், கை எட்டுகிற தூரத்தில் இருக்கிறேன்.

"பெரியப்பாட்டைச் சொல்லு, உயிரோட இருக்கிறன் எண்டு."

அபிநயா அதை ரெஜானுக்குப் பிரெஞ்சில் சொன்னாள். அவர் பாரத்தோடு தலையாட்டினார்.

"கொப்பரிட்டைக் கேள், அண்டைக்குக் கிங்ஸ்ரனில நிக்கிறன் எண்டு ஒரு போன் எடுத்தவரோ? மாப்பிள்ளையின்ர தகப்பன் சுகர் வருத்தக்காரன். சாப்பிட்டுக் குளிசை போட நேரமாச்சு எண்டு எழும்புற மனிசனை நான் எவ்வளவு நேரம் பிடிச்சு வைச்சிருக்கிறது?"

"போனில சார்ஜ் முடிஞ்சுது எண்டு சொல்லு."

"டோனற் கடையில சார்ஜ் போடலாம் எண்டு சொல்லு."

நான் அம்மாவைப் பார்த்தேன்; சனிக்கிழமைத் தொலைபேசியில் டோனற்றும் போயிருக்கிறது. அண்ணி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"சரி, இப்ப என்ர முறை" என்றார் அண்ணை. "இந்த வீட்டுக் குடிபூரலுக்கு, நீங்கள் குடிவந்த நாளில, விளக்குக் கொளுத்தினது ஆர் எண்டு கேள். மூத்த தமையன் முன்னுக்கு நிக்க, புவாண்ட்-கிளேரில இருந்து ஒரு டொக்டரைக் கூப்பிட்டுக் கொளுத்துவிச்சவர். நான் படம் எடுத்துக்கொண்டு நிண்டனான். அண்டையில இருந்து இந்த வீட்டில நான் கை நனைக்கேல்லை. ஒருத்தராவது கவனிச்சனீங்களோ?"

ஒருவரும் கவனித்திருக்கவில்லை. அந்த டொக்டர் சென்னைக்காரர், அம்மாவின் முதுகு வலிக்கு மருந்து தந்தவர், நல்ல மனிதர். ஒரு டொக்டர் வந்து விளக்கேற்றின வீடு என்று நாலு பேருக்குச் சொல்ல எனக்கு ஆசை. அண்ணையின் முகத்தை அன்று நான் பார்க்கவேயில்லை. பேச்சுக்காலுக்கும் முந்தியே அவர் என்னோடு கோபம். ஒரு மனிதர் இத்தனை வருசம் ஒழுங்கு தவறாமல் கோபித்திருக்கிறார், கோபிக்கப்பட்டவனுக்கே அது தெரியவில்லை. அவருக்கு அது எவ்வளவு அவமானமாக இருந்திருக்கும்!

"என்னவாம்?" என்று ரெஜான் கேட்டார்.

"தானும் கியூபெக்காம்" என்றாள் அபிநயா.

ரெஜான் நிமிர்ந்தார். "அது சரிவராது. ஒரு குடும்பத்தில ஒரு கியூபெக்தான் இருக்கலாம். ரெண்டு பேரும் கியூபெக் எண்டால், கனடா ஆர்?"

நானும் அண்ணையும் அன்றைக்கு முதல் தரமாக ஒருவரை ஒருவர் பார்த்தோம். இரண்டு பேரும் அந்தப் பதவியை ஏற்க முன்வரவில்லை.

அண்ணை பேச்சை மாற்றினார். "இந்த மனிசனுக்கு என்ன பிரச்சினையாம்? கியூபெக்குக்கு மொழி இருக்கு, தனிச் சட்டம் இருக்கு, எல்லாம் இருக்குத்தானே. பிறகும் ஏன் கையெழுத்து வைக்கமாட்டினமாம்?"

அபிநயா கேட்டாள். ரெஜான் தட்டும் வெண்ணெயும் இல்லாமலே சொன்னார். ஆறு, ஹோட்டல், காலமைச் சாப்பாடு. அண்ணை கேட்கக் கேட்க முன்னால் சரிந்தார். தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தார்.

"சொல்லாமலோ?"

"சொல்லாமல்தான்."

"படுத்திருக்கிற நேரத்திலயோ?"

"ஓம்."

"அது பிழை!" என்றார் அண்ணை, தொடையில் அடித்து. "ஒரு பகுதியை நித்திரையில விட்டிட்டு முற்றாக்கினால் அது என்ன சபை? அபிநயா, அவரிட்டைச் சொல்லு. நான் இத்தினை வருசமாய் ஒன்ராறியோவில இருக்கிற ஆள். அந்த முறையில சொல்லுறன். பிழை எங்கட பக்கம்தான்."

அபிநயா சொன்னாள்.  ரெஜான் எழும்பி வந்து அண்ணையின் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துப் பிடித்தார். கண் சிவந்திருந்தது.

"இப்ப கையெழுத்து வைப்பியளோ எண்டு கேள்" என்றார் அண்ணை.

"தெரியாது" என்றார் ரெஜான். "வந்து கேட்டால்தான் தெரியும். இவ்வளவு காலத்தில வீட்டுக்கு வந்து சொன்ன முதல் ஆள் இவர்தான்."

எங்கள் வீட்டுக்கென்று கொண்டுவந்த மேப்பிள் பாணியை எடுத்து அண்ணையிடம் கொடுத்தார்.

நான் நடந்ததை ஒருமுறை மனதில் அடுக்கிப் பார்த்தேன். பல வருசமாக நான் காத்திருந்த வசனத்தை, என் வீட்டு வரவேற்பறையில், என் கண் முன்னால், அண்ணை சொல்லிவிட்டார். ரெஜானுக்குச் சொல்லிவிட்டார். என் ஆலோசகர் என் நிபந்தனையைத் தான் வாங்கிக்கொண்டு சந்தோசமாகக் கண்ணைத் துடைக்கிறார்.

வெளிக்கிடுகிற நேரம் தேத்தண்ணி ஆறிப்போய்ப் பாலாடை கட்டியிருந்தது. அம்மா புதிதாக ஊற்றி, மூடி போட்ட பிளாஸ்க் ஒன்றில் விட்டு அண்ணையின் கையில் கொடுத்தார். "வழியில குடியுங்கோ பெரியத்தான், குளிருக்கு." அவர் வாங்கிக்கொண்டார். இதைக் கை நனைத்த கணக்கில் சேர்ப்பதா, விடுவதா என்று அம்மாவும் நானும் இன்னும் வாதாடுகிறோம். எங்கள் வீட்டுத் தேயிலை, எங்கள் வீட்டுச் சீனி. குடித்தது ஒன்ராறியோ எல்லைக்குள்ளாகவும் இருக்கலாம்.

கலியாணக் காட் அபிநயா கொடுத்தாள். அண்ணை அதைத் திறக்கவில்லை, கலியாணத்துக்கு வாறன் என்று சொல்லவுமில்லை. ஜக்கெற்றின் உள்பையில் வைத்துக்கொண்டு படியிறங்கினார். நான் செருப்போடு பனியில் கார் வரைக்கும் போனேன், ஏன் போகிறேன் என்று தெரியாமலே. அபிநயா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் ஆள் கிட்ட இல்லை.

கார் கொஞ்சம் பின்னால் போய் நின்றது. ஜன்னல் இறங்கியது.

"டேய், அந்த மண்டபத்தில பார்க்கிங் இருக்கோ? உங்கட பிரெஞ்சு றோட்டுப் போர்ட் ஒண்டும் விளங்கிறேல்லை. எங்கயாவது விட்டிட்டு வந்து சாப்பிட இருக்க, ரிக்கெற் எழுதிப்போடுவாங்கள்."

"இருக்கண்ணை" என்றேன். "கனக்க இடம் இருக்கு. வடிவாய் விடலாம்."

கார் தெரு முடக்கால் திரும்பும் வரை கை காட்டிக்கொண்டு நின்றேன். பிறகு வீட்டுக்குள் ஓடி, மண்டபக்காரரின் நம்பர் எங்கே என்று அம்மாவைக் கேட்டேன். அங்கே பார்க்கிங் இருக்கிறதா, இல்லையா என்று எனக்கு எப்படித் தெரியும்?